மலை ஏரியில் சவரி விட்ட கயிறு

பிலோமினா, தம்பிகள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படி. படிக்கும்போதே நீ உதட்டைச் சுழிப்பாய், எனக்குத் தெரியும். கன்னியர் பள்ளிக்கூடத்தில் இடி எப்படி இடிக்கிறது, கிரகணம் எப்படிப் பிடிக்கிறது என்றெல்லாம் படித்தவள் நீ. உன் அப்பன் கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவன். ஆனாலும் பேய் பிசாசு விஷயத்தில் நீ சிரித்ததைவிட நான் சிரித்ததுதான் அதிகம். நம் குப்பத்தில் எவனாவது வந்து முனி அடித்துவிட்டது என்று சொன்னால், "முனி அடிச்சிதா, நீ சாராயம் அடிச்சியா?" என்று கேட்கிற முதல் ஆள் நான்தான். இன்றைக்கும் குறி சொல்கிறவளையோ மந்திரிக்கிறவனையோ நான் வாசலில் ஏற்றியது கிடையாது. அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படி. நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், தை மாதம் உனக்குக் கல்யாணம். கோயில் வாசலில் தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை உள்ளே அழைத்துப் போக வேண்டும். உனக்கு ஒரே தாய்மாமன், ஆறு வீடு தள்ளி இருக்கிற சவரி. அவன் நம் வாசலை மிதித்துப் பதினாலு வருஷம் ஆகிறது. "மாமா வரமாட்டாரா அப்பா?" என்று நீ போன வாரம் கேட்டாய். உன் அம்மா ரோசம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். பதில் சொல்ல வேண்டியது நான்தான். வாயால் சொல்ல வரவில்லை.

இப்போது டிராமில் டிக்கெட் கிழிக்கிற ஆளாகத்தான் நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள். அப்போது நான் கடலில் முழுகுகிறவன். வலை கடலடிப் பாறையில் சிக்கிக்கொண்டால் கீழே போய் எடுத்துவிட வேண்டும், துறைமுகத்தில் சங்கிலியோ நங்கூரமோ விழுந்துவிட்டால் தேடிக் கட்டிவிட வேண்டும், அதுதான் என் வேலை. முழுகுகிறவன் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை மேலே இருக்கிறவன் கையில். அந்தக் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும், அது எங்கள் ஆட்களுடைய வழக்கம். அண்ணன் தம்பியைக்கூட நம்பமாட்டார்கள். மச்சினன் என்றால் தன் அக்காவைத் தானே தாலி அறுக்க வைக்கமாட்டான் அல்லவா, அதனால்தான்.

கயிறு பிடிப்பதற்கு முறை உண்டு. எதிலும் கட்டி வைக்கக் கூடாது, கையில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டு நிற்க வேண்டும். கீழேயிருந்து ஒரு தரம் இழுத்தால் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று அர்த்தம். மேலே இருப்பவன் ஒரு தரம் இழுத்து 'நானும் இருக்கிறேன்' என்று பதில் கொடுக்க வேண்டும். இரண்டு தரம் இழுத்தால் 'தூக்கு'. இதெல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. கயிறு பிடித்து நிற்கிறவன் கரைப்பக்கம் திரும்பக் கூடாது. தண்ணீரைப் பார்க்க வேண்டும், கையைக் கவனிக்க வேண்டும். வேறு எதையும் பார்க்கக் கூடாது.

ஐந்து வருஷம் சவரி என் கயிற்றைப் பிடித்தான். அவன் இழுக்கிற இழுப்பிலேயே அவன் பசியாக இருக்கிறானா, கோபமாக இருக்கிறானா என்று எனக்குக் கீழே இருந்து தெரியும். நானும் அவனும் ஒரே தட்டில் சோறு தின்றவர்கள். கூடப் பிறந்தவனிடம் சொல்லாததை எல்லாம் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு மூன்று வயது, தம்பிகள் பிறக்கவில்லை. அடையாற்றங்கரை பங்களாவில் ஒரு துரை இருந்தார், அவர் சமையல்கட்டுக்கு நம் வீட்டு மீன்தான் போகும். நீலகிரி மலைமேல் சர்க்கார் காப்புக்காட்டுக்குள்ளே ஒரு சின்ன ஏரி இருக்கிறது, உத்தரவு இல்லாமல் யாரும் அங்கே காலை வைக்க முடியாது. துரைக்கு உத்தரவு உண்டு. வருஷா வருஷம் போய்த் தூண்டில் போடுவாராம், அதற்கென்று ஒரு படகும் வைத்திருந்தாராம். அந்த வருஷம் மழையில் படகு முழுகிவிட்டது. நாங்கள் கீழே போய்ப் படகின் மூக்கில் இருக்கிற இரும்பு வளையத்தில் வடக்கயிறு கட்டிவிட்டால் போதும், மாடு பூட்டிக் கரைக்கு இழுத்துவிடுவார்கள். துரையின் பட்லர் வந்து கேட்டதும் சவரி குதித்தான். ரயிலில் போகலாம் என்கிற ஆசைதான் அவனுக்கு.

சென்ட்ரலில் ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கேயிருந்து பல்சக்கர ரயிலில் மலை ஏறினோம். பட்லர் ஆளுக்கு ஒரு பழைய கம்பளிக் கோட்டு கொடுத்திருந்தார். சவரி அதைப் போட்டுக்கொண்டு, அதற்குக் கீழே வெறும் கோமணத்தோடு பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "மாமா, என்னப் பாத்தா சலாம் போடத் தோணுதா இல்லியா, நெஜத்தச் சொல்லு" என்றான். எதிரே இருந்த ஒரு ஐயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பனி சன்னலில் நுழைந்ததும், "இன்னா மாமா, மலையே சுருட்டுப் புடிச்சிகினு கீது" என்றான். இப்படியேதான் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே போனோம். அந்தப் பயணத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஏரி பெரிதில்லை. மயிலாப்பூர் தெப்பக்குளத்தைப்போல இரண்டு மடங்கு இருந்தால் அதிகம். சுற்றிலும் குட்டையான, பாசி பிடித்த மரங்கள் தண்ணீர் வரைக்கும் நெருங்கி நிற்கும். ஒரு பக்கம் மட்டும் புல்வெளி, அதிலிருந்து ஒரு பாறை தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பாறை முடிகிற இடத்தில் நாலு ஆள் ஆழம். அங்கேதான் படகு. தண்ணீர் டீக்கஷாயம்போலக் கறுப்பு. அலை இல்லை, சத்தம் இல்லை. பிறந்தது முதல் கடல் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. சவரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, தண்ணி செத்துக் கீதா?" என்றான்.

காட்டுக் காவலாளி பெள்ளி என்று ஒருவர், அந்த மலையிலேயே பிறந்த படகர் சாதிக்காரர். நல்ல மனிதர். இந்த மாதிரி விஷயம் சொல்கிறவர்கள் எல்லாம், ஊர்க்காரன் ஒருவன் முன்னாலேயே எச்சரித்தான், நாங்கள்தான் கேட்கவில்லை என்று சொல்வார்கள். எங்களை யாரும் எச்சரிக்கவில்லை. நானே வேடிக்கையாக, "இன்னா பெரியவரே, இங்க காத்து கருப்பு உண்டா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, அட்டைதான் ஜாஸ்தி" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பனி கொஞ்சம் விலகியதும் இறங்கினேன். இரண்டு முழுக்கில் படகைக் கண்டுபிடித்து, சேற்றை விலக்கி, வளையத்தையும் தொட்டுவிட்டேன். உடம்பு விறைத்துப்போனது, மேலே வந்து நெருப்பில் காய்ந்தேன். பெள்ளி மாடுகளை ஓட்டிவரக் கீழே போனார். ஏரிக்கரையில் நானும் சவரியும் மட்டும். உச்சிவேளை, ஆனால் பனி திரும்பவும் இறங்கிச் சாயங்காலம்போல மங்கலாக இருந்தது.

மூன்றாவது முழுக்கில்தான் என் புத்தி கெட்டது. சீக்கிரம் அடிக்குப் போக வேண்டும் என்று கையில் கல் பிடித்து இறங்கினேன். கடலில் எந்தக் கனம் பிடிப்போமோ அதே கனக் கல். சவரியும் கையில் தூக்கிப் பார்த்து, "நம்மூரு கல்லு கனம்தான் மாமா" என்றான். உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்கும், நல்ல தண்ணீர் தூக்காது என்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் உறைக்கவே இல்லை. கடலைத் தவிர வேறு தண்ணீரில் முழுகியவர்களாக இருந்தால்தானே? கிணற்றில் போட்ட குடம்போலப் போனேன். காலில் படகின் அடிப்பலகை தட்டியது, இற்றுப்போன பலகை, படாரென்று உடைந்து என் வலது கால் கணுக்கால் வரை உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

கல்லை விட்டேன், காலை இழுத்தேன், வரவில்லை. பயப்படவில்லை. மேலே சவரி இருக்கிறான். அவன் கவனமாக இருக்கிறானா என்று பார்க்க, முறைப்படி முதலில் ஒரு தரம் இழுத்தேன். உடனே பதில் ஒன்று வந்தது. மனசுக்கு எவ்வளவு ஆறுதல்! பிறகு இரண்டு தரம் இழுத்தேன், 'தூக்கு' என்று. கயிறு தொய்ந்தது. மறுபடியும் இரண்டு இழுத்தேன். அதற்கு ஒரே ஒரு இழுப்பு பதில் வந்தது. 'நான் இருக்கிறேன்.' இருக்கிறாய் சரி, ஏண்டா தூக்கவில்லை? திரும்ப இரண்டு. திரும்பவும் பதில் ஒன்று, மெதுவாக, தட்டிக்கொடுப்பதுபோல. எனக்கு நெஞ்சு வெடிக்கிறது, காதுக்குள் கோயில் மணி அடிக்கிறது, கைக்குழந்தையாக நீ முகத்துக்கு முன்னால் வருகிறாய். மேலே இருக்கிறவன் 'இருக்கிறேன் இருக்கிறேன்' என்று சொல்கிறானே தவிரத் தூக்கவில்லை.

அப்புறம் இழுத்தது. எப்படி இழுத்தது என்று சரியாகச் சொல்ல வேண்டும். சவரி தூக்கினால் கை மாற்றிக் கை மாற்றி, விட்டு விட்டுத்தான் வரும். இது அப்படி இல்லை. கரைவலை இழுக்கும்போது தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு மணலில் நடப்போமே, அதைப்போல நிற்காமல் ஒரே இழுவை. கணுக்கால் தோல் உரிந்து பலகையோடு போய்விட்டது. அந்தத் தழும்பைத்தான் நீங்கள் சின்ன வயதில் 'அப்பா காலில் மீன் செதில்' என்று தடவுவீர்கள்.

பாறையைப் பிடித்து ஏறி மூச்சு வாங்கி, "சவரி" என்றேன். ஆள் இல்லை. பாறைமேல் யாரும் இல்லை, புல்வெளியிலும் இல்லை. கயிறு மட்டும் என் இடுப்பிலிருந்து பாறைமேல் நீளமாக, விறைப்பாக, புல்லைத் தாண்டிக் காட்டு மரங்களுக்குள் போயிருந்தது. நான் அதன் கூடவே நொண்டிக்கொண்டு போனேன். மரங்களுக்குள் பத்தடி தாண்டியதும் சருகின்மேல் மறுமுனை கிடந்தது. கையில் சுற்றிய மூன்று சுற்று அப்படியே வளையமாக, கையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டதுபோலக் கிடந்தது. சுற்றிலும் சருகு, ஒரு கால் தடம்கூட இல்லை. கோமணத்தோடு, இரத்தம் ஒழுகுகிற காலோடு அங்கே நின்று எத்தனை தரம் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனோ தெரியாது.

பாதி வழியில் பெள்ளி மாடுகளோடு வந்தார். "உங்க மச்சினர் அழுதுகிட்டே ஓடினாரே? 'எங்க மாமா இந்தப் பக்கம் வந்தாரா'ன்னு கேட்டாருங்க. இல்லையேன்னேன். அப்படியே ஓடிட்டாரு" என்றார். எனக்கு அப்போது ஒன்றுதான் தோன்றியது. என்னை ஏரிக்குள் விட்டுவிட்டு ஓடிய பயல், தப்பித்துக்கொள்ள வேஷம் போட்டிருக்கிறான். வேறு என்ன நினைப்பேன்?

படகும் வேண்டாம், வடமும் வேண்டாம் என்று, காலில் பெள்ளி கட்டிவிட்ட கட்டோடு ரயில் ஏறினேன். வழியெல்லாம் எதிரே காலியாக இருந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டு வந்தேன். போகும்போது அவன் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சலாம் கேட்ட பெஞ்சு. கடலில் ஆள் செத்துப்போவது உண்டு. ஆனால் கயிறு பிடித்தவன் உயிரோடு இருக்கும்போது முழுகினவனை விட்டுவிட்டு ஓடியதாக நம் குப்பத்தில் கதைகூடக் கிடையாது. அதுவும் என் மச்சினன்.

நான் வந்து சேர்ந்தபோது சவரி கரையில் கவிழ்த்த கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். எழுந்தான், ஓடவில்லை. ஊரே பார்க்க அடித்தேன். வாங்கிக்கொண்டு நின்றான். திருப்பி ஒரு கை ஓங்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர்கள் கூடினார்கள். "ஏண்டா உட்ட?" என்று கேட்டேன்.

"உட்டேன் மாமா."

"அதான் ஏன்?"

"உட்டேன். அவ்ளோதான்."

உன் அம்மா அவன் காலைக் கட்டிக்கொண்டு, "இன்னா நடந்துச்சின்னு சொல்லித் தொலைடா" என்று கதறினாள். அவளுக்கும் அதே பதில்தான்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கயிறு காட்டுக்குள் கிடந்ததை, யாரோ என்னை இழுத்ததை நான் பெரியவர்களிடம் சொல்லவில்லை. கால் மாட்டிக்கொண்டது, நானே பிய்த்துக்கொண்டு வந்தேன் என்று சொன்னேன். யாரோ தூக்கினார்கள் என்றால் அவன் குற்றம் பாதியாகிவிடும். அது குறையக் கூடாது என்று எனக்கு அப்போது இருந்தது. உன் அம்மாவுக்கும் இதைப் படித்தால்தான் தெரியும்.

தீர்ப்பு சொன்னார்கள். சவரியை எவனும் மரத்தில் ஏற்றக் கூடாது, அவன் கையில் கயிறு கொடுக்கக் கூடாது. அன்றிலிருந்து அவன் கரையிலேயே வலை தைத்தான். இன்றைக்குப் புது வீடும் பூங்காவுமாக இருக்கிற தியாகராய நகர்ப் பக்கம் அப்போது ஏரி கிடந்தது, அதைத் தூர்க்கிற மண் கூடை சுமந்தான். எவனும் பெண் கொடுக்கவில்லை. எனக்கு மட்டும் என்ன வந்தது? வேறு யார் கையில் கயிற்றைக் கொடுத்து முழுகுவேன்? கடலை விட்டேன், டிராமில் ஏறினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும், வெற்றிலைத் தட்டு எடுத்துக்கொண்டு அவன் குடிசைக்குப் போனேன். உனக்காகத்தான் போனேன். வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது, என்னைவிட எட்டு வயது சின்னவனுக்கு.

"பிலோமினாவுக்குக் கண்ணாலம்டா. மாமன் மால நீ போட்டாத்தான் ஆவும்னு உங்கக்கா அயுவுது" என்றேன்.

அவன் ஊசியைக் கீழே வைத்தான். "நான் வரலாமா மாமா?"

"வா. ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வா. ஏண்டா உட்ட?"

"கோச்சிக்காம கேப்பியா?" என்றான்.

"பதினாலு வருசமா கோச்சிகினுதானே கீறேன். சொல்லு."

"நீ ஒரு தபா இயுத்த. நான் ஒரு தபா பதில் குட்த்தேன். அப்பால எனுக்குப் பின்னால யாரோ இருமுன மாதிரி இருந்துச்சி. திரும்பிட்டேன்."

"திரும்பக் கூடாதுன்னு தெரியாதாடா ஒனக்கு?"

"தெரியும். திரும்பிட்டேன். நீ நிக்கற மாமா. புல்லு மேல. ஒடம்பெல்லாம் சொட்டச் சொட்ட. குளுருல தாடை அடிச்சிக்குது ஒனக்கு. 'சவரி, கயித்த உட்றா, கீய கீறது நான் இல்லடா'ன்ற. உன் கொரலுதான். அத்த நீ சொல்லிகினு கீறச்சே, என் கையில கயிறு ரெண்டு தபா இயுக்குது."

வெயில் சுளீரென்று அடிக்கிறது, கடற்கரையில் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள், எனக்கு அந்த மலைத் தண்ணீர் முதுகில் ஊற்றியதுபோல இருந்தது.

"பாறை மேல போட்டுட்டேன் கயித்த. நீ திரும்பிப் பாக்காம காட்டுக்குள்ள பூந்த. நான் கத்துறேன், நிக்கல நீ. பின்னால வர்றதுக்கு என் காலு வரல மாமா. பாதையப் புடிச்சி ஓடுனேன்."

"கைய நம்பியிருக்கணும்டா நீ" என்றேன்.

"ஆமா. கைய நம்பியிருக்கணும்" என்றான். ஒரு சாக்குச் சொல்லவில்லை.

ஒரு தரம்தான் பதில் கொடுத்தேன் என்கிறான். எனக்கு வந்தது மூன்று. அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா?"

"சொன்னா? அக்கா எவன்கூட வாயுதுன்னு குப்பம் கேக்காதா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான், அடி வாங்கிய அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. அப்புறம்தான் விளங்கியது. நான் இத்தனை வருஷமாக அவன் வெட்கப்பட்டுக்கொண்டு என் வாசலுக்கு வரவில்லை என்று நினைத்திருந்தேன். அது வெட்கம் இல்லை, ஏரியிலிருந்து ஏறி வந்தது நான்தானா என்கிற பயம்.

"நீயே சொன்ன மாமா, கால் மாட்டிகினுச்சின்னு. கயிறும் இல்ல, தூக்க ஆளும் இல்ல. தானா வந்தேன்னு நீயே சொன்ன. நாலு ஆள் ஆயத்துலேர்ந்து கால் மாட்டுன மனுசன் தானா எப்பிடி மாமா வருவான்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். யாரோ தூக்கினார்கள், கயிறு காட்டுக்குள் கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார், அது அவன் சந்தேகத்தைத் தீர்க்குமா, கூட்டுமா? யார் தூக்கினார்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அவன் எழுந்து குடிசைக்குள் போய் ஒரு சுருள் கயிறு எடுத்துவந்தான். "ஒரே ஒரு தபா மாமா. நாளைக்கி வெள்ளாப்புல மரத்தத் தள்ளிகினு போவோம். நீ முயுவு, நான் புடிக்கறேன். அஞ்சு வருசம் ஒன்னப் புடிச்ச கை, தெரிஞ்சிடும் எனுக்கு. நீயா இருந்தா, கோயில் வாசல்லயே, எல்லாரும் பாக்க ஒன் கால்ல வுயுந்துட்டு மால போடறேன்." சொல்லிக்கொண்டே தண்ணீர்ப் பக்கம் நடந்தான். நானும் தட்டோடு பின்னால் போனேன். முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டினான்.

"மாட்டேன்" என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது.

ஒரு தரம் விட்ட கையை எப்படி நம்புவது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அது உண்மைதான் பிலோமினா. அவன் கண்ணால் பார்த்தது உண்மையாகவே இருந்தாலும், என் உயிர் அவன் கையில் துடித்தது, அவன் விட்டான். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் உன் கல்யாணத்துக்கு மாமா வரவில்லையே என்று அவன்மேல் வருத்தப்படாதே. அவன் வரத் தயாராக இருந்தான். வேண்டாம் என்றது நான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிட்டால் என் பாரம் தீரும் என்று பார்க்கிறேன். அவன் கயிற்றை நீட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு அலை வந்தது. பெரிய அலை இல்லை, கரையில் விளையாடுகிற குழந்தைகூட நின்று வாங்கிக்கொள்ளும். நான் இந்தக் குப்பத்தில் பிறந்தவன், கடலுக்கு நாற்பது அடி தூரத்தில் குடியிருக்கிறவன். அந்த நுரை என் காலைத் தொட வரும்போது, என்னை அறியாமல் மூன்றடி பின்னால் போய்க் காய்ந்த மணலில் நின்றுகொண்டேன். மலையிலிருந்து இறங்கி வந்த நாளிலிருந்து கடல் தண்ணீர் என் உடம்பில் பட்டதே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தேன். சவரி என் காலையே பார்த்துக்கொண்டு, கயிற்றை நிதானமாகச் சுருட்ட ஆரம்பித்தான்.